கத்தாதவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று தோன்றிய தருணம் உண்டா?

சர்வர் மாற்றும் வேலை. எங்கள் மேனேஜர் பேசினால் கண்ணாடிக் கதவு அதிரும்; சந்தேகம் கேட்டால் "நெகட்டிவா பேசாதீங்க" என்பார். கூட்டம் முடியும் நேரத்தில், அதுவரை வாயே திறக்காத ஒரு அக்கா கேட்டார்: "பேக்கப் எடுக்கிறோம், சரி. அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கிறோமா?"

"தினமும் ராத்திரி ஓடுது, பச்சை விளக்கு எரியுது, அப்புறம் என்ன?" என்று ஒரு அதட்டல். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

சனிக்கிழமை விடியற்காலை பேக்கப்பை ஏற்றினால் பாதிக் கோப்புகளைக் காணோம். ஒரு டிஸ்க் பல மாதமாகவே பட்டியலில் விடுபட்டிருக்கிறது; இருந்ததை மட்டும் நகலெடுத்துவிட்டுப் பச்சை காட்டியிருக்கிறது. அக்கா முதல் நாள் மாலையே முழுவதையும் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். பாராட்டு மெயில் மேனேஜர் பெயருக்கு வந்தது, அது வேறு கதை.

*

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் எங்கள் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. ஒட்டியிருப்பது வேறு, கடைப்பிடிப்பது வேறு. ஒருநாள் தையலுக்கு முன் காஸ் துணியை எண்ணினால் ஒன்று குறைகிறது. "தப்பா எண்ணிட்டீங்க, நூலைக் கொடுங்க" என்று சர்ஜன் சத்தம் போட்டார். சீனியர் சிஸ்டர், "இன்னொரு தடவை எண்ணிக்கிறேன் டாக்டர்" என்றார். எண்ணினார். மறுபடியும் ஒன்பதுதான். நூலை அவர் கையை விட்டுத் தரவே இல்லை. துணி உள்ளேதான் இருந்தது.

*

ஒரு சின்ன மறுப்பு. அமைதியாக இருப்பவரெல்லாம் விவரமானவர் இல்லை. நான் பயத்தில் வாயை மூடிக்கொண்ட கூட்டங்கள்தான் அதிகம். பேசினாலும் போதாது, கேட்க ஆள் வேண்டும். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது 1986 ஜனவரி 28. குளிரில் அதன் பூஸ்டர் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது என்று பொறியாளர்கள் முந்தைய இரவே சொன்னார்கள். அவர்கள் தலைவரிடம், 'இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போடுங்கள்' என்றது மேலிடம். 7 பேர் போய்விட்டார்கள். அதனால் கேட்கிறேன்: அந்த அக்கா இப்போது பேசினால் உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கிறார்களா?

*

முதலில் எழுதியவன்தான். கேட்கிறோம். இப்போதெல்லாம் எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் எல்லாத் தலையும் தானாக அவர் பக்கம் திரும்பும். மேனேஜர் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார்.