வாட்ச் 2,700 கலோரி செலவு என்கிறது, எடை இறங்கவே இல்லை: கோளாறு எங்கே?

மண்டிக்காரன்:
வணக்கம். வயது 41, உயரம் 166 செ.மீ., எடை 74 கிலோ. அரிசி மண்டியில் வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, 5 கிலோ குறைத்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். கையில் கட்டியிருக்கிற வாட்ச் தினமும் 2,700 கலோரி வரை செலவானதாகக் காட்டுது. சாப்பிடுவதை நோட்டில் எழுதுறேன், 2,100 தாண்டுவதில்லை. ஆறு வாரமாச்சு, எடை அப்படியே இருக்கு.

இன்னொன்று. 25 கிலோ சிப்பம் எட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி குடோன் வரை தள்ளினால் ஸ்டெப் ஏறுவதே இல்லை. சாயங்காலம் குண்டும் குழியுமான ரோட்டில் பைக்கில் வீட்டுக்குப் போனால் நானூறு ஸ்டெப் ஏறிடுது. வாட்ச் பழுதா?

ஓட்டக்காரி:
பழுதில்லை அண்ணா. உள்ளே ஸ்டெப் எண்ணுகிற சென்சார் மணிக்கட்டு எப்படி ஆடுதுன்னு மட்டும்தான் பார்க்கும். வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத் தள்ளும்போது கை ஆடாது, அதனால் அதுக்கு நீங்கள் சும்மா நிற்கிற மாதிரி. பைக்கின் குலுக்கல் நடை மாதிரி. வெறுங்கையோடு நடந்தாலும் மூட்டையோடு நடந்தாலும் ஒரே கணக்குதான், மூட்டையின் எடை அதுக்குத் தெரியாது. ஆப்பில் வயது, எடை, உயரம் சரியா இருக்கா பாருங்க.

மண்டிக்காரன்:
பார்த்தேன். தம்பியின் பழைய வாட்ச் இது. அவன் விவரமே கிடக்கு: 30 வயது, 180 செ.மீ., 92 கிலோ!

உடலியங்கியல் படித்தவன்:
பாதிக் கோளாறு அங்கேயே இருக்கு சார். நாள் முழுக்க ஆகும் செலவில் பெரும்பகுதி, படுத்துக் கிடந்தாலும் உடம்பு எரிப்பது. அதை வாட்ச் அளப்பதில்லை, சூத்திரத்தில் போட்டு ஊகிக்குது. வயது, எடை, உயரத்தை வைத்துக் கணக்குப் போடுற மிஃப்லின் சூத்திரப்படி உங்களுக்கு அது சுமார் 1,580, தம்பிக்கு 1,900. நீங்கள் கையை அசைக்கும் முன்னாடியே 320 கூடிப்போச்சு. அசைவுக்கான கணக்கையும் எடையை வைத்துத்தான் போடும், அதிலும் கூடியிருக்கும்.

விவரத்தைத் திருத்தினாலும் அந்த எண்ணை அப்படியே நம்பாதீங்க. 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டி, மூச்சுக்காற்றை அளந்து (எவ்வளவு கலோரி எரிந்ததுன்னு அதில் தெரியும்) ஒப்பிட்டார்கள். நாடித்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள். கலோரியில் இருப்பதிலேயே நல்லதுகூட சராசரியாக 27 சதவீதம் தப்பு, மோசமானது 93. வழக்கமான வாழ்க்கையில் பல நாள் செலவைச் சரியாக அளக்கணும்னா கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, சிறுநீரில் அவை குறையும் வேகத்தைப் பார்க்கணும். செலவு ஜாஸ்தி, வீட்டில் நடக்காது.

உங்களுக்குத் தராசே போதும். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, வெறும் வயிற்றில் எடை பாருங்க. முதல் வாரச் சராசரியையும் மூன்றாம் வாரச் சராசரியையும் ஒப்பிடுங்க. நடுவில் உள்ள 14 நாளில் அரை கிலோ இறங்கினால், நாளுக்குச் சுமார் 275 கலோரி குறைவாகச் சாப்பிடுறீங்கன்னு அர்த்தம். எடை அசையலைன்னா, நீங்கள் சாப்பிடுவதுதான் உங்கள் செலவு, வாட்ச் எதைக் காட்டினாலும் சரி. சர்க்கரைக்கு மாத்திரை போடுறீங்களா? அப்படின்னா டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீங்க.

ஓட்டக்காரி:
எண்ணெயை எழுதுறீங்களா அண்ணா? ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி.

மண்டிக்காரன்:
எழுதலைம்மா. ராத்திரி நாலு தோசை, தாளிப்பு, எதுவும் நோட்டில் இல்லை. மாத்திரை இன்னும் ஆரம்பிக்கலை சார். வாட்ச் விவரத்தை மாத்திட்டேன், இன்று 2,240 காட்டுது. நாளை காலையிலிருந்து எடை எழுதுறேன், மூணு வாரம் கழித்து இங்கேயே போடுறேன்.