நீலக் கிளாம்: மாக்சிமாவா, குரோசியாவா?

குளச்சல் கடற்கரை (கேள்வி)

எங்கள் அண்ணன் அஜ்மானில் இருக்கிறான். ரூமில் ரீஃப் டேங்க் (பவளப்பாறை உயிர்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறான். அங்கே ஒரு கடையில் கிளாம் (ராட்சதச் சிப்பி வகை) ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். கடைக்காரர் மாக்சிமா என்ற இனம் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். ஆனால் அவனுடைய ரூம்மேட் இது குரோசியா என்ற வேறு இனம் என்கிறார். "நீ ஊரில் சும்மாதானே இருக்கே, கேட்டுச் சொல்லு" என்று அதை என் தலையில் கட்டிவிட்டான்.

சதை நல்ல நீலம், அதில் கறுப்புப் புள்ளிகள். நீளம் 7 சென்டிமீட்டர் இருக்கும். மணலில்தான் வைத்திருக்கிறான். காலையில் பார்த்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறதாம். மேலேயிருந்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போது இதைப் பையில் தண்ணீர் கட்டிக் கொண்டுவருகிறேன் என்கிறான். என்னிடம் மூன்றடித் தொட்டியில் இரண்டு கிளௌன் மீன் இருக்கிறது. அதில் விடலாமா?

முட்டம் பையன்

நீலம் என்றால் மாக்சிமாதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

தக்கலை அண்ணாச்சி

கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் இப்படித்தான் ஆகும், தம்பி. நிறத்தை வைத்துக் கிளாமுக்குப் பெயர் வைக்கவே கூடாது. நான் ஷார்ஜாவில் அலங்கார மீன் கடையில் பெட்டி பிரிக்கும் வேலை பார்த்தவன். ஒரே பெட்டியில் நீலக் குரோசியாவும் நீல மாக்சிமாவும் சேர்ந்து வரும். மேலேயிருந்து பார்த்தால் எனக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கையில் எடுத்துத் திருப்பினால்தான் ஆள் யார் என்று தெரியும்.

முதலில் அடிப்பக்கம். இரண்டு ஓடும் சேரும் கீலுக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி இருக்கும். நம்ம கடியப்பட்டணம் பாறையில் சிப்பி எப்படி நார் விட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அதேபோல இதுவும் அந்த இடைவெளி வழியாக நூல் விட்டுப் பாறையைப் பிடிக்கும். குரோசியாவுக்கு அந்த இடைவெளி மிக அகலம். மாக்சிமாவுக்கும் பெரிதுதான். ஸ்குவாமோசா என்ற இன்னொரு கிளாம் ஜாதிக்குச் சின்னது. டெராசா என்ற ஜாதிக்கு இன்னும் ஒடுங்கியிருக்கும்.

அப்புறம் ஓட்டின் வடிவம். பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மாக்சிமாவின் ஓடு கீலிலிருந்து ஒரு பக்கமாக நீண்டு போகும், இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. குரோசியா கிட்டத்தட்ட சமமாக, முட்டை வடிவில் இருக்கும். ஓட்டின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் செதில்களையும் பாருங்கள். மாக்சிமாவுக்கு நெருக்கமான வரிசைகள். ஸ்குவாமோசாவுக்குப் பெரிய செதில்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே விரல் வைக்கலாம். டெராசா வழவழ. குரோசியா பாறைக்குள் குடைந்து வாழ்கிற ஜாதி. அதனால் செதில் தேய்ந்துபோய் விளிம்புப் பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆனால் பண்ணையில் வளர்ந்த குரோசியா குடைவதில்லை, செதில் தேயாமலே இருக்கலாம். ஆகவே செதிலை மட்டும் நம்பாதீர்கள், இடைவெளியையும் வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைக்காரர் ஏன் மாக்சிமா என்றார் என்றால், அவருக்குக் கையில் பெயர் அட்டை எது கிடைத்ததோ அதை ஒட்டியிருப்பார். நான் பார்க்காததா!

பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குள்ளேயே எடுக்கட்டும், வெளியே தூக்க வேண்டாம்.

குளச்சல் கடற்கரை

படம் வந்துவிட்டது, அண்ணாச்சி. ஓடு சாம்பல் வெள்ளை, உள்விளிம்பில் லேசாக மஞ்சள். செதில் விளிம்பை ஒட்டி இரண்டு வரிசை மட்டும், கீழே எல்லாம் தேய்ந்த மாதிரி. அடியில் இடைவெளி அவனுடைய சுண்டுவிரல் நுழையும் அளவு. வடிவம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்தான்.

தக்கலை அண்ணாச்சி

அப்படியானால் குரோசியா. ரூம்மேட்டுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். வளர்ந்தாலும் 15 சென்டிமீட்டரைத் தாண்டாது, அதனால் தொட்டி போதாது என்ற கவலை இல்லை. ஒரு மீட்டருக்கு மேல் வளர்கிற ஜைகாஸ் ஜாதிக் கிளாமை வாங்கியிருந்தால் அண்ணன் ரூமைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

சாய்வதற்குக் காரணமும் அதுதான். பாறையில் வாழ்கிற உயிரை மணலில் வைத்தால் பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு குழிவான பாறைத்துண்டில் வைத்து, வெளிச்சம் நன்றாக விழுகிற மேல்பகுதிக்கு மெதுவாக, சில வாரங்களில் ஏற்றச் சொல்லுங்கள். சதைக்குள் இருக்கிற பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, வெளிச்சம் குறைந்தால் பட்டினிதான். ஏற்கெனவே எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். இழுத்தால் நூலோடு கால் பிய்ந்துவிடும், பிறகு பிழைக்காது. பாறையை ஒட்டி நூலை பிளேடால் அறுக்க வேண்டும். கையோடு, ஓட்டின் அடியில் அரிசிமணியைவிடச் சின்ன வெள்ளை நத்தைகள் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். இருந்தால் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அவை கிளாமின் சாற்றை உறிஞ்சுகிற ஆள்கள்.

நாகர்கோவில் விலங்கியல் டீச்சர்

இனம் கண்டுபிடித்தது சரி. ஊருக்குக் கொண்டுவருவதைப் பற்றி யாருமே பேசவில்லையே! தம்பி, அண்ணனிடம் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். மாக்சிமா, ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் என்ற மூன்று கிளாம்களும் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை, நம் நாட்டில் புலிக்கு இருக்கிற பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. குரோசியா அந்த மூன்றில் இல்லை என்று தப்பிக்கவும் முடியாது. ராட்சதக் கிளாம் குடும்பம் முழுவதும் சைட்டீஸ் (அழியும் ஆபத்துள்ள உயிர்களை நாடுகளுக்கிடையே வணிகம் செய்வதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு சைட்டீஸ் பட்டியல் உயிர்களும் அதே சட்டத்துக்குள் வந்துவிட்டன. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பையைத் திறந்தால் கிறிஸ்மஸ் அங்கேயே முடிந்துவிடும்.

உயிர் போனபிறகு ஓட்டை மட்டும் கொண்டுவரலாமா என்றும் கேட்காதீர்கள், அதற்கும் இதே கதைதான். கன்னியாகுமரிச் சங்குக் கடையில் யாராவது இந்த மாதிரி ஓட்டைக் காட்டினாலும் வாங்க வேண்டாம்.

குளச்சல் கடற்கரை

நல்ல நேரத்தில் சொன்னீர்கள், டீச்சர். அண்ணனிடம் சொன்னேன், முகம் தொங்கிவிட்டது. ஊருக்கு வரும்போது கிளாமை ரூம்மேட் பார்த்துக்கொள்வாராம். என் தொட்டியில் கிளௌன் மீனோடு சட்டத்துக்கு உட்பட்டு வேறு என்ன விடலாம்?

தக்கலை அண்ணாச்சி

கல் பவளத்தையும் தொடாதீர்கள், அதுவும் அதே 2001 பட்டியல். உள்நாட்டிலேயே குஞ்சு பொரித்து விற்கிற மீன்களைக் கேளுங்கள். கிளௌன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிற முறையை மண்டபத்திலுள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முன்னமே செய்து காட்டியிருக்கிறார்கள். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். தண்ணீரின் உப்பு அளவு, வெப்பம் இரண்டையும் எழுதி ஒரு புதுப் பதிவு போடுங்கள், அங்கே பேசுவோம்.