மறு: ஸ்டிர்லிங் இன்ஜினின் டிஸ்பிளேசருக்கு ‘இடப்பெயர்ப்பி’ சரிதானா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம். நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்:

> டிஸ்பிளேசர் = இடப்பெயர்ப்பி என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

அவ்வளவு சீக்கிரம் போக வேண்டாம். இந்த ஒரு சொல் கையில் இல்லாததால் எனக்கு ஒரு மாத வேலை வீணாகியிருக்கிறது.

தக்கலையில் வீட்டுத் திண்ணையில் வைத்து ஸ்டிர்லிங் இன்ஜின் செய்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. புதிதாக வந்தவர்களுக்காக: ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1816-இல் காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்த சூடுகாற்று இன்ஜின் இது. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், அதில்தான் ஓட்டம். அசைகிற உறுப்பு இரண்டு. ஒன்று பிஸ்டன், அதில் தகராறு இல்லை. மற்றது காற்றைச் சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் மாற்றி மாற்றி அனுப்புவது. அதுதான் நம் டிஸ்பிளேசர்.

போன வருடம் ஒரு லேத் பட்டறையில் வேலை கொடுத்தேன். மேஸ்திரி நல்ல கைக்காரர். அவரிடம் நான் சொன்னது, “சின்ன பிஸ்டன் ஒண்ணு, பெரிய பிஸ்டன் ஒண்ணு.” டிஸ்பிளேசரையும் பிஸ்டன் என்றுவிட்டேன், தப்பு அங்கேதான். சிலிண்டரின் உள்விட்டம் 40 மி.மீ. ‘பெரிய பிஸ்டனை’ அவர் அதற்குள் மயிரிழை இடைவெளி கூட இல்லாமல், எண்ணெய் தொட்டால் வழுக்கிப் போகிற மாதிரி கடைந்து கொடுத்தார். பிஸ்டன் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்?

வீட்டில் ஸ்பிரிட் விளக்கை வைத்து, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால் கால் சுற்றுப் போய் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வருகிறது. சூடு போதவில்லை என்று நினைத்துத் திரியைக் கூட்டினேன். குளிர்முனையில் ஈரத்துணி சுற்றினேன். கிராங்கைக் கழற்றி, அசைகிற உறுப்பு இரண்டுக்கும் நடுவே கால் சுற்று வித்தியாசம், அதாவது 90 பாகை இருக்கிறதா என்று இரண்டு தடவை அளந்தேன். எல்லாம் சரி. கடைசியில்தான் உறைத்தது: காற்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வழியே இல்லை. டிஸ்பிளேசர் தளர்வாக இருக்க வேண்டும். சுற்றிலும் விட்ட சந்து வழியாகக் காற்று நழுவிப் போக வேண்டும். அது காற்றை அமுக்கக் கூடாது.

திரும்பப் போய் இதை விளக்கினேன். மேஸ்திரி கேட்டார்: “அப்பம் இது காத்த அமுக்காது, ஒதுக்கிதான் விடும், இல்லியா? சாரே, இத முன்னமே சொல்லப்பிடாதா?” இந்தத் தடவை மெல்லிய எவர்சில்வர் குழாயில், இரு முனையும் அடைத்து, 38 மி.மீ. விட்டத்தில் புதிதாகச் செய்தார். சுற்றிலும் 1 மி.மீ. சந்து. விளக்கு வைத்து நாலைந்து நிமிடம், சக்கரத்தில் ஒரு தட்டு, ஓடிவிட்டது.

ஆகவே என் பரிந்துரை அவர் வாயிலிருந்து வந்ததுதான்: ஒதுக்கி.

‘இடப்பெயர்ப்பி’ ஏன் வேண்டாம்? இயற்பியல் பாடப்புத்தகத்தில் ‘இடப்பெயர்ச்சி’ ஏற்கெனவே குடியிருக்கிறது. பையன்கள் அதைத் திசையுள்ள தூரமாகத்தான் படிக்கிறார்கள். தவிர, பட்டறை இரைச்சலில் அந்தச் சொல்லைக் கத்திப் பாருங்கள்.

இன்னொருவர் ‘நகர்தண்டு’ என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1983-இல் சாக்ரெப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இவோ கோலின் காட்டிய குறைந்த வெப்ப வித்தியாச இன்ஜினில் இந்த உறுப்பு தண்டே அல்ல, தட்டையான பலகை. இப்போது பொழுதுபோக்குக்குச் செய்பவர்கள் வெந்நீர்க் கோப்பை மேல் வைத்து ஓட்டுகிற வகையில் வெறும் தெர்மோகோல் வட்டு. உருவத்தை வைத்துப் பெயரிட்டால் பாதி இன்ஜின்களுக்குப் பொருந்தாது. ‘துணை உந்துதண்டு’, அதாவது துணை பிஸ்டன், அதைவிட மோசம். என்னைக் கவிழ்த்ததே அந்த எண்ணம்தான். ஸ்டிர்லிங் இன்ஜினிலேயே ஆல்ஃபா என்ற வகையில் உண்மையிலேயே இரண்டு பிஸ்டன் உண்டு, ஒதுக்கி கிடையாது. அங்கே என்ன செய்வோம்?

— தக்கலையிலிருந்து

———

அன்புள்ள தம்பிக்கு,

கதை ருசியாக இருந்தது. ஆனால் இரண்டு தடைகள். ‘ஒதுக்கி’ என்றதும் நாலு பேருக்கு இட ஒதுக்கீடுதான் நினைவுக்கு வரும். அடுத்து, அது வினையெச்சம் போலவே இருக்கிறது. “காற்றை ஒதுக்கி மேலே சென்றது” என்று எழுதினால் ஒதுக்கி சென்றதா, ஒதுக்கிவிட்டுச் சென்றதா? நாற்பது வருடம் வகுப்பில் நின்றவன் கேட்கிறேன். மேலும், ஒதுக்குவது ஓரத்துக்கு. இங்கே காற்று முனைக்கு முனை போகிறதே.

— நாகர்கோவிலிலிருந்து

———

அண்ணாச்சி,

வினையெச்சச் சிக்கல் வடிகட்டிக்கும் உண்டு, தாங்கிக்கும் உண்டு. பேரிங்கைத் தாங்கி என்று எழுதுகிறோம், யாரும் தடுமாறவில்லை. சந்தேகம் வருகிற இடத்தில் ‘வளியொதுக்கி’ என்று எழுதிக்கொள்ளலாம். இட ஒதுக்கீடு விஷயம், சரி, ஒப்புக்கொள்கிறேன். படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டிய பிறகும் ஒருவருக்கு அது நினைவுக்கு வந்தால் வரட்டும்.

ஓரம் பற்றி: நம் கடற்கரையில் உடைந்த வள்ளம் கரை ஒதுங்குகிறது. அது அலை தள்ளித் தள்ளி எங்கிருந்தோ வந்ததுதான். நடுக்கடலிலிருந்து கரைக்கு வந்ததையே ஒதுங்கியது என்கிறோம். மூன்று அங்குல சிலிண்டரில் முனைக்கு முனை போவதைச் சொல்லக் கூடாதா?

ரீஜெனரேட்டருக்குத் தனி இழை தொடங்குங்கள். ‘மீளாக்கி’ எனக்குப் பிடிக்கவில்லை, அது எதையும் ஆக்குவதில்லை. போகிற காற்றின் சூட்டை வாங்கி வைத்து, திரும்பி வருகிற காற்றுக்குக் கொடுக்கிறது. ஸ்டிர்லிங்கே அதைச் சிக்கனம் செய்கிற கருவி என்றுதான் அழைத்தார். நான் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்துச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். துணுக்குகள் உதிர்ந்து பிஸ்டனுக்குள் போய் இரண்டு கீறல் விழுந்துவிட்டது. அதைத் தேய்த்து முடித்ததும் எழுதுகிறேன்.

— தக்கலையிலிருந்து