கோபானிட்சா: வேகம் ஏறினால் மூன்றாவது தட்டு சுருங்குகிறது, என்ன செய்யலாம்?

மேற்கு பல்கேரியாவின் ஷோப் வட்டார ஆட்டமான கோபானிட்சா பழகியவர்கள் உதவுங்கள். 11/8 தாளம், 2+2+3+2+2. வாயால் ‘தக தக தகிட தக தக’ சரியாகவே வருகிறது. கால் சேர்ந்ததும் கெடுகிறது. வேகத்தில் ‘தகிட’ சுருங்கி மொத்தம் 10 ஆகிவிடும், இழுத்துப் பிடித்தால் 12. பக்கத்தில் ஆடுபவரின் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி ஆடுவதால், ஒருவர் பிசகினால் வரிசையே இழுபடும்.

மெட்ரோனோமில் 11 சிறு தட்டு வைத்தால் எண்ணத்தான் முடிகிறது. பாட்டை 60 சதவீத வேகத்தில் ஓட்டினால் நீளத் தட்டில் துள்ளல் போய் வெறும் நிற்றல் ஆகிறது, அது இன்னும் மோசம்.

தபான் மேளத்தின் தடித்த குச்சியை மட்டும் கேட்டு ஆடினால் பிடிபடுமா? கைடா (தோல்பை ஊதுகருவி), காவல் (குழல்) இல்லாமல் தபான் மட்டும் ஒலிக்கும் மெதுவான ஒலிப்பதிவு இருந்தால் பகிருங்கள். மிஸ்ர சாபு (3+4 தாளம்) உதாரணம் வேண்டாம், அதில் 3 முதலிலேயே வந்துவிடும்.