காலிப்பர் பின்னை மட்டும் மாற்றினால் போதுமா?

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஓடும் எனது காரின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, உள்பக்க ப்ரேக் பேட் இரும்புத் தகடு தெரியுமளவு தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. பேடுகளை டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் காலிப்பர், இதில் ஃப்ளோட்டிங் (நகரும்) வகை. பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருப்பதால், அது உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும்போது காலிப்பரே கைடு பின்களின் மேல் நகர்ந்து வெளிப் பேடை இழுத்து வர வேண்டும். ஒரு பின் துருவேறி அசையவே இல்லை. அதன் ரப்பர் உறையும் கிழிந்திருக்கிறது. (கடற்காற்றுக்குக் கேட்கவா வேண்டும்!) இருபுறமும் பிஸ்டன் கொண்ட, நகராத ஃபிக்ஸட் காலிப்பருக்கு மாறச் சொல்கிறார் மெக்கானிக், அன்றாட ஓட்டத்துக்கு அது வீண்செலவென்றே எனக்குப் படுகிறது. பின்னையும் உறையையும் புதிதாகப் போட்டு, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதுமா, பிஸ்டன் சீலையும் மாற்ற வேண்டுமா? ப்ரேக்குக்குப் புதுப்பேட்டைப் பழைய பாகங்களை வாங்க மனமில்லை. புதிய பின் செட், உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் தனியாகக் கிடைக்குமா என்பதையும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.