விட்டு வந்து எட்டு மாதம், இன்னும் ஏன் அவர் ஞாபகம்?

மழைத்துளி:
யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். நான்கு வருடம் ஒருவரோடு வாழ்ந்தேன். அடி, திட்டு, வெளியே போக விடாதது, எல்லாம் உண்டு. விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது எனக்கு வருகிற கனவெல்லாம் அவர் அடித்தது இல்லை. அடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அதே கையால் மருந்து தடவி, குழந்தை மாதிரி அழுவாரே, அதுதான் வருகிறது, விழித்ததும் அவரோடு பேச வேண்டும் போல இருக்கிறது. இதை வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள்.

இன்னொன்று. புகார் எழுத உட்கார்ந்தால் எது முதலில் நடந்தது, எது பிறகு என்றே தெரியவில்லை. ஒரு ராத்திரி நடந்ததில் சுவரில் இருந்த கடிகாரம் மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது, அது எந்த மாதம் என்று கேட்டால் விழிக்கிறேன். "இதைக்கூடவா மறப்பாய்?" என்று அண்ணன் கேட்டார். நான்தான் பெரிதாக்குகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. எனக்கு என்ன ஆயிற்று?

வழிப்போக்கன்:
இது ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம் சகோதரி, பிடித்து வைத்துக் கொடுமை செய்தவர் மேலேயே பாசம் வருவது. கூகுளில் தேடிப் பாருங்கள்.

கரையோரம்:
வழிப்போக்கன், நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் அந்தப் பெயரை இவர் தலையில் வைக்க வேண்டாம். 1973 ஆகஸ்டில் சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஒரு வங்கியில் 4 பேரை ஆறு நாள் பிடித்து வைத்தார்கள், அதிலிருந்து வந்த பெயர் அது. போலீசுக்கு ஆலோசனை சொன்ன நில்ஸ் பெயெரோட் என்ற மனநல மருத்துவர் சொன்னது. உள்ளே இருந்த கிறிஸ்டின் என்மார்க் என்ற பெண் பிரதமரிடமே தொலைபேசியில் பேசி, போலீஸ் உள்ளே புகுந்தால் நாங்கள் செத்துவிடுவோம் என்றுதான் பயந்தார். அந்தப் பயத்தில் ஒரு கணக்கு இருந்தது, அதைப் போய் நோய் என்றார்கள். மனநோய்களைப் பட்டியலிடும் டிஎஸ்எம் கையேட்டில் இன்றுவரை அப்படி ஒரு நோய் கிடையாது.

மழைத்துளி, உங்களுக்கு நடந்ததற்கு நெருக்கமாக வருவது டட்டன், பெயின்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981-இல் எழுதியது. இப்படி ஒரு பிணைப்பு உண்டாக இரண்டு விஷயம் போதும் என்றார்கள். ஒருவர் கையில் எல்லா அதிகாரமும் இருக்க வேண்டும், கொடுமையும் அன்பும் மாறி மாறி வர வேண்டும். எப்போதும் கொடுமையே என்றால் மனசு ஒரு கட்டத்தில் விலகிவிடும். எப்போது அன்பு வரும் என்று தெரியாதபோதுதான் விடாமல் காத்திருக்கும். மருந்து தடவியதைச் சொன்னீர்களே, அந்த நேரத்தில் உங்கள் உடம்பு முழுக்கப் பயத்தில் இருந்தது, அந்தப் பயத்தை அடக்கக்கூடிய ஒரே ஆள் அதை உண்டாக்கியவர்தான். வேறு யாரையும் அவர் அருகில் விட்டு வைக்கவில்லை. உயிர் போய்விடுமோ என்கிற நேரத்தில் கிடைத்த ஆறுதலை, அது யார் கையிலிருந்து வந்தாலும், மூளை அன்பு என்றுதான் எழுதி வைத்துக்கொள்ளும்.

அவர்களே 1993-இல் இப்படிப்பட்ட உறவை விட்டு வந்த 75 பெண்களைப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்தும் பற்று 27 சதவீதம் அளவுக்குத்தான் குறைந்திருந்தது. அப்புறம், யாருக்குப் பற்று அதிகம் மிஞ்சியிருந்தது என்பதற்கும், கொடுமை எவ்வளவு விட்டுவிட்டு வந்தது, அதிகாரம் எவ்வளவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது என்பதற்கும் தொடர்பு இருந்தது. பெண்ணின் குணத்தில் இருக்கிற கோளாறு என்று இதைச் சொல்ல முடியாது. எட்டு மாதத்தில் உங்களுக்கு ஏக்கம் வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தயவுசெய்து அவருடைய தொலைபேசி எண்ணை பிளாக் செய்துவிடுங்கள், தள்ளிப் போகப் போகத் திரும்ப இழுக்கிற ரப்பர் போன்றது இந்தப் பிணைப்பு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பழைய நோட்டு:
மழைத்துளி, நானும் அதே இடத்தில் இருந்தவள். கடிகாரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது, எனக்குக் கதவின் தாழ்ப்பாள்.

எனக்கு ஆலோசகர் சொன்னதைச் சொல்கிறேன். பயம் உச்சத்தில் இருக்கும்போது கண் ஒரே ஒரு பொருளில் போய்ச் சிக்கிக்கொள்கிறது, மூளையில் பயத்தைக் கவனிக்கிற அமிக்டலா என்ற பகுதி அதை அழுத்தமாகப் பதிய வைக்கிறது. எங்கே, எப்போது, எதற்குப் பிறகு எது என்று கோத்து வைக்கிற வேலை மூளையின் இன்னொரு பகுதியான ஹிப்போகேம்பஸுடையது, கடுமையான மன அழுத்தத்தில் அது தடுமாறுகிறது. அதனால்தான் துண்டு துண்டாக இருக்கிறது. அடி நூறு தடவை விழுந்திருந்தால் ஒன்றோடொன்று கலந்தும் போகும். தேதி வராததை வைத்து யாரும் உங்களைப் பொய்க்காரி ஆக்க முடியாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ஞாபகம் வராத இடத்தை ஊகத்தால் நிரப்பாதீர்கள், அண்ணன் வற்புறுத்தினாலும் சரி. ஹிப்னோசிஸில் மறந்ததை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் போகவே போகாதீர்கள். சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்து போனதாக, நடக்காத ஒரு கதையை எலிசபெத் லாஃப்டஸ் என்ற நினைவாற்றல் ஆய்வாளர் 24 பேரிடம் சொல்லிப் பார்த்தார், கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள். அப்படிச் சேர்ந்துவிட்ட ஒரு பொய் நினைவைக் காட்டியே ஒருநாள் எதிர்த்தரப்பு உங்கள் உண்மையையும் தள்ளிவிடப் பார்க்கும். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதுங்கள், நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள்.

தூக்கம் கெடுகிறது, கனவு விடவில்லை என்றால் அதிர்ச்சிக்கென்றே உள்ள சிகிச்சை இருக்கிறது. கண்ணை இருபக்கமும் அசைத்தபடி அந்த நினைவை எதிர்கொள்ள வைக்கிற இஎம்டிஆர் என்பதையும், எண்ணத்தையும் நடத்தையையும் பேசி மாற்றுகிற சிகிச்சையான சிபிடியில் அதிர்ச்சியை மையமாக வைத்த முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்திருக்கிறது. நான் சிபிடி எடுத்தேன். ஏக்கம் ஒரே நாளில் போகவில்லை, ஆனால் ஏக்கம் வந்த நாளில் என்னையே திட்டிக்கொள்வது முதலில் நின்றது.

மழைத்துளி:
இரண்டு பேரும் எழுதியதை மூன்று தடவை படித்தேன். மருந்து தடவியதைப் பற்றிச் சொன்னது வலித்தது, அது பொய்யான அன்பா என்று இன்னும் கேட்கத் தோன்றுகிறது, அதைப் பிறகு கேட்கிறேன். எண்ணை பிளாக் செய்துவிட்டேன். இன்று மறுபடி எழுத உட்கார்ந்தேன். கடிகாரத்தில் பதினொன்று இருபது, அதை எழுதினேன். மாதம் இருக்க வேண்டிய இடத்தில் நினைவில்லை என்று எழுதியிருக்கிறேன்.