நீர்த்தேக்கத் தண்ணீருக்கு எடுத்த எடுப்பிலேயே குளோரின் போடுவதை நிறுத்தலாமா?

நீலக்கடம்பு:
நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கும் பல சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீர் உள்ளே நுழைந்ததுமே குளோரின் போட்டுவிடுகிறார்கள். படிகாரம் அதற்கு அப்புறம்தான். இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

தேங்கிய தண்ணீரில் இலைதழை மக்கிய கரிமப் பொருள் கரைந்திருக்கும். அதோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற கெடுதலான வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. ரோட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய யோகன்னஸ் ரூக் இதை வெளியிட்டது 1974இல். அமெரிக்காவில் இவற்றுக்கான வரம்பு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம். முதலில் படிகாரம் போட்டால் அந்தக் கரிமப் பொருளில் கணிசமான பங்கு சேறோடு கீழே போய்விடும். எஞ்சியதன் மேல் குளோரின் போடுங்கள், யார் வேண்டாம் என்றது?

நீலப்பச்சைப் பாசி இன்னொரு காரணம். அதன் நஞ்சான மைக்ரோசிஸ்டினில் பெரும்பகுதி உயிருள்ள செல்லுக்குள்ளேயே இருக்கும். செல்லை உடையாமல் பிரித்தெடுத்தால் நஞ்சும் அதோடு போய்விடும். வாசலிலேயே குளோரின் போட்டு செல்லை உடைத்தால் நஞ்சு தண்ணீரில் கரைந்துவிடும். அதன் பிறகு படிகாரத்தால் ஒன்றும் ஆகாது.

மணல்படுகை:
படிக்க நன்றாக இருக்கிறது. நிலையத்தை ஓட்டுகிறவனிடம் கேட்டால் கதை வேறு. வாசலில் போடும் குளோரின் கிருமிக்கு மட்டும் அல்ல. அது இல்லாவிட்டால் வெயில் படும் கிளாரிஃபையரின், அதாவது அழுக்கு படியும் தொட்டியின், சுவரிலும் வழிவாய்க்காலிலும் பச்சை வழவழப்பு படியும். அது பிய்ந்து ஃபில்டர் மேல் போய் உட்காரும், தண்ணீரைத் தலைகீழாக விட்டு ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷ் அடிக்கடி தேவைப்படும். எடுப்புக் குழாயில் சிப்பி ஒட்டும் ஊர்களில் அதைத் தடுப்பதும் இதே குளோரின்தான்.

முக்கியமானது மாங்கனீசு. கோடையில் நீர்த்தேக்கம் மேலே சூடு, கீழே குளிர் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். கீழடுக்கில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் அடிச்சேற்றிலிருந்து இரும்பும் மாங்கனீசும் அம்மோனியாவும் கரைந்து வரும். கரைந்த மாங்கனீசு கண்ணுக்குத் தெரியாது. பழைய ஃபில்டர் மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள், கறுப்பாக இருக்கும். அது மாங்கனீசு ஆக்சைடுப் பூச்சு. வருகிற மாங்கனீசை அந்தப் பூச்சு பிடித்துக்கொள்கிறது, தண்ணீரில் உள்ள குளோரின் அந்தப் பூச்சுக்கு மறுபடி உயிர் கொடுக்கிறது. நீங்கள் குளோரினை நிறுத்தினால் சில நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் மாங்கனீசு நழுவ ஆரம்பிக்கும். கடைசியில் போடும் குளோரின் அதைக் குழாய்களுக்குள் மெல்ல ஆக்சைடாக்கும், வீட்டில் கறுப்புத் தண்ணீர் வரும். அன்றைக்கு யாரும் உங்கள் ட்ரைஹாலோமீத்தேன் அளவைக் கேட்கமாட்டார்கள்.

ஜார்டெஸ்ட்:
மணல்படுகை சார் சொன்ன மாங்கனீசுக் கணக்கு சரி. ஆனால் அதற்கு வாசலில் குளோரின் வேண்டும் என்பது எப்படி? கரைந்த மாங்கனீசைச் சாதாரண பி.எச். அளவில் ஆக்சைடாக்குவதில் குளோரின் ரொம்ப மந்தம். வேலையைச் செய்வது நீங்களே சொன்ன பூச்சு. பூச்சு இருப்பது ஃபில்டரில். அப்படியானால் குளோரினை கிளாரிஃபையருக்குப் பின்னால், ஃபில்டருக்குச் சற்று முன்னால் போடுங்கள். அங்கே வரும்போது கரிமப் பொருளும் பாசியும் பெரும்பாலும் போயிருக்கும்.

வாசலில்தான் ஆக்சைடாக்க வேண்டும் என்றால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருக்கிறது. ஒரு மில்லிகிராம் மாங்கனீசுக்குக் கணக்குப்படி 1.92 மில்லிகிராம். ட்ரைஹாலோமீத்தேன் தராது. டோஸ் தவறினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் தினமும் ஜார் டெஸ்ட், அதாவது கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு டோஸ் போட்டுப் பார்க்கும் சோதனை, வேண்டும். பாசி பூத்திருக்கும் நாட்களில் அதிலும் கவனம் தேவை, டோஸ் கூடினால் அதுவும் செல்லை உடைக்கும்.

ஓசோன்ரசிகன்:
இவ்வளவு சுற்றுவானேன்? ஓசோன் போடுங்கள். நஞ்சு, வாடை, நிறம் எல்லாம் ஒரே அடியில் தீரும்.

ஜார்டெஸ்ட்:
தண்ணீரில் புரோமைடு உப்பு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட் என்ற கெடுதலான பொருளாக மாற்றும். அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மின்செலவு தனி. பாசி நிறைந்த வாசல் தண்ணீரில் போட்டால் செல்லை உடைப்பதில் ஓசோன் குளோரினுக்கு இளைத்ததல்ல.

மணல்படுகை:
ஃபில்டருக்கு முன்னால் குளோரின் என்றால் எனக்குப் பாதிச் சம்மதம். நீலக்கடம்புக்குச் சம்மதமா? ஃபில்டருக்குப் பின்னால்தான் முதல் சொட்டு குளோரின் விழ வேண்டும் என்கிறவர்களில் அவரும் ஒருவர் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ட்ரைஹாலோமீத்தேன் போன்ற துணை விளைபொருள்களைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கிருமி நீக்கத்தில் சமரசம் செய்யக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வாந்திபேதி இன்றைக்கு வரும் ஆபத்து, ட்ரைஹாலோமீத்தேன் பல வருடம் குடித்தால் வரக்கூடிய ஆபத்து.

நீலக்கடம்பு:
கிருமி நீக்கத்தில் கை வைக்கச் சொல்லவில்லையே, இடத்தை மாற்றச் சொல்கிறேன். கலங்கல் தண்ணீரில் போடும் குளோரினில் பாதி அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீரில் வந்த கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சுமார் 4 லட்சம் பேரைப் படுக்கவைத்தது. சாதாரண டோஸ் குளோரினுக்கு அந்தக் கிருமி மசியவே மசியாது. காப்பாற்றியிருக்க வேண்டியது படிகாரமும் ஃபில்டரும்.

ஆமாம், ஃபில்டருக்குப் பின்னால்தான் வேண்டும் என்கிறேன். குளோரின் படாத ஃபில்டரில் நல்ல பாக்டீரியா குடியேறும். மண்வாடை தரும் ஜியோஸ்மினைத் தின்னும். அந்த வாடையை லிட்டருக்கு 10 நானோகிராம் அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும், குளோரினால் அதைப் போக்க முடியாது.

மணல்படுகை:
அப்போ மாங்கனீசு? ஒரே ஃபில்டர் பூச்சையும் காப்பாற்றி பாக்டீரியாவையும் வளர்க்காது.

ஆழ்நீர்:
நிலையத்துக்குள்ளேயே நின்று சண்டை போடுகிறீர்கள். முதல் சுத்திகரிப்பு நீர்த்தேக்கத்திலேயே நடக்க வேண்டியது. எடுப்புக் கோபுரத்தில் பல மட்டங்களில் மதகு இருந்தால், பாசி மிதக்கும் மேல்பரப்பையும் மாங்கனீசு கரைந்த அடியையும் விட்டுவிட்டு நடு மட்டத்தில் எடுக்கலாம். அடியில் காற்றுக்குமிழ் விட்டால் அடுக்கு பிரியாது. ஒரே மதகை வருடம் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு எந்த ரசாயனம் என்று கேட்பதில் என்ன இருக்கிறது? ஆழத்துக்கு ஆழம் ஆக்ஸிஜன் அளந்து மதகை மாற்றினாலே உங்கள் இரண்டு பேர் சண்டையில் பாதி அடங்கிவிடும். தயவுசெய்து பூத்த பாசி மேல் மயில்துத்தம் தூவாதீர்கள். அதுவும் செல்லை உடைத்து நஞ்சைக் கொட்டும் வழிதான்.

மணல்படுகை:
மதகு மாற்றுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நீர்மட்டம் இறங்கிவிட்டால் இருக்கிற ஒரு மதகில் வருவதுதான் தண்ணீர். மேலே பாசி, கீழே கறுப்பு, நடு என்று ஒன்று இருக்காது.

ஜார்டெஸ்ட்:
அந்த நாட்களுக்குத்தான் தூள் ஆக்டிவேட்டட் கார்பன், நஞ்சையும் வாடையையும் ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் கரித்தூள். ஆனால் நான் பார்த்த ஒரு நிலையத்தில் கார்பனையும் குளோரினையும் ஒரே தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கார்பன் குளோரினைத் தின்றுவிடும், தானும் வீணாகும். இரண்டுக்கும் செலவு, இரண்டும் இல்லை. கார்பனுக்கு வாசலில் தனியாக நேரம் கொடுங்கள், குளோரின் பின்னால் வரட்டும். வாசலில் குளோரின் வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

மணல்படுகை:
சரி, ஒரு பேச்சுக்கு வாசல் குளோரினை மூடிவிட்டேன் என்றே வையுங்கள். உடையாத பாசி கிளாரிஃபையர் சேற்றில் போய்ச் சேர்ந்தது. அந்தச் சேற்றில் சில நாள் கிடந்தால் செல் தானாகவே உடையும். சேற்றிலிருந்து வடியும் தண்ணீரையும் பேக்வாஷ் தண்ணீரையும் திரும்ப வாசலுக்கே விடும் நிலையங்கள் எத்தனையோ. நீங்கள் மிச்சம் பிடித்த நஞ்சு அந்த வழியாக உள்ளே வராதா?

நீலக்கடம்பு:
வரும். அதனால் பாசி பூக்கும் நாட்களில் அந்தத் தண்ணீரைத் திரும்ப விடக்கூடாது, சேற்றையும் தேங்கவிடாமல் அடிக்கடி இறக்க வேண்டும். குளோரின் வால்வை மூடும் உத்தரவோடு இதையும் சேர்த்தே எழுதட்டும். மாங்கனீசுக்கு உங்கள் பூச்சுள்ள ஃபில்டர்களில் ஒரு வரிசையை மட்டும் ஜார்டெஸ்ட் சொன்ன மாதிரி ஓட்டுங்கள், இன்னொரு வரிசையைக் குளோரின் இல்லாமல் எனக்கு விடுங்கள். வெளிவரும் மாங்கனீசைத் தினமும் அளந்து பார்ப்போம்.

மணல்படுகை:
வரிசையைத் தரலாம். கோடை முடிவதற்குள் ஆரம்பியுங்கள். அடுக்கு கலைந்து தண்ணீர் புரளும் வாரத்தில்தான் மாங்கனீசு மொத்தமாக வரும். அந்த வாரத்தைத் தாண்டாத எந்தச் சோதனையும் எனக்குச் சோதனை இல்லை.